ஒரே கை ஓட்டுன வண்டி

இந்த குரூப்ல ஆடி மாசம் நான் ஒரு வீடியோ போட்டிருந்தேன். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி, கியர் மாத்துறப்ப "டிக்"குன்னு ஒரு சத்தம் வருது, என்னன்னு தெரியலன்னு கேட்டிருந்தேன். ஆளாளுக்கு ஒண்ணு சொன்னீங்க. கிளச் பிளேட்டுன்னு ஒருத்தர். செயின் தொங்குதுன்னு ஒருத்தர். டேப்பெட் சத்தம்னுகூட ஒரு தம்பி போட்டிருந்தான். டூ ஸ்ட்ரோக்ல டேப்பெட்டே கிடையாதேடான்னு அவனை எல்லாரும் சேந்து ஓட்டுனீங்க.

அந்தச் சத்தம் எங்க இருந்து வந்துச்சுன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு.

இதைப் படிச்சிட்டு சிரிக்கிறவங்க சிரிங்க. எனக்கு கதை கட்டத் தெரியாது. என் சம்சாரம் மேல சத்தியமா ஒரு வார்த்தை கூட்டி எழுதல. சிலது எழுத கை வராம விட்டிருக்கேன், அவ்வளவுதான்.

என் பேரு காசிமாயன். சொந்த ஊரு உசிலம்பட்டிப் பக்கம். திருப்பூர் வந்து இருபது வருசத்துக்கு மேல ஆச்சு. பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டர். முதலிபாளையம் சிட்கோ தாண்டி ஒரு லைன் வீட்ல குடியிருக்கேன். மகளைக் கட்டிக் குடுத்தாச்சு. வீட்ல நானும் என் சம்சாரம் ராமுத்தாயும்தான். அவளும் கம்பெனில செக்கிங் பாத்தவதான். பஞ்சுத் தூசி நெஞ்சுல ஏறி இழுப்பு வந்துருச்சு. வேலைய விட்டுட்டா. வீட்ல மருந்து ஆவி பிடிக்கிற மெசின் ஒண்ணு வாங்கி வச்சிருக்கோம். அது இல்லன்னா வாயில அடிக்கிற பஃப். இது ரெண்டும் அவளுக்கு மூச்சு மாதிரி.

எனக்கு பழைய எஞ்சின் மேல ஒரு கிறுக்கு. வண்டி கம்பெனி பேரு சொல்லல, சொன்னா கமெண்ட்ல எஞ்சின் சண்டை ஆரம்பிச்சிரும். நூறு சிசி. கிக்கர் மட்டும்தான். எங்க கம்பெனில முனீஸ்னு ஒருத்தன் புது வண்டி வச்சிருக்கான். டீக்கடைல என்னைப் பாத்தாலே ஆரம்பிச்சிருவான்.

"மாயண்ணே, இதை எடைக்குப் போட்டா ரெண்டு கிலோ பேரீச்சம்பழம் தேறும்ணே."

"டேய், உன் வண்டி நின்னா ஷோரூம்ல இருந்து லேப்டாப்பு வரணும். என் வண்டி நின்னா பிளக்கக் கழட்டி லுங்கில துடைச்சா போதும்."

"லுங்கிய எதுக்குண்ணே அழுக்காக்குறீங்க... அதான் நிக்கிற இடமெல்லாம் ஆயிலு ஊத்துதே!"

இப்படித்தான் போகும். ஆனா ஒண்ணு உண்மை. அந்த எஞ்சின் என்னை ஒரு நாள்கூட ரோட்ல நிப்பாட்டல. ஒரு கிக்கு. ரெண்டாவது கிக்கு கேட்டதே இல்ல.

வண்டிய சித்திரைல வாங்கினேன். காங்கயம் ரோட்ல இருந்து உள்ள தள்ளி ஒரு தோட்டத்து வீடு. பூவாத்தாள்னு ஒரு அம்மா. வீட்டுக்காரர் போயி ஒரு வருசம் ஆகுதுன்னு சொன்னாங்க. வண்டி மாட்டுக்கொட்டாய்ல நின்னுச்சு. தூசி தட்டி நான் ஒரு உதை உதைச்சேன். புடிச்சிருச்சு. அந்த அம்மா கண்ணு கலங்கிட்டாங்க.

"எத்தனையாவது கைம்மா?"ன்னு கேட்டேன். எல்லாரும் கேக்குறதுதானே.

"ஒரே கை ஓட்டுனதுங்க கண்ணு. வேற கை பட்டதே இல்லீங்க."

எனக்கு சந்தோசம். பழைய வண்டில ஒரே கை கிடைக்கிறது குதிரைக்கொம்பு. கைமாறாத எஞ்சின்னா கண்ண மூடிட்டு எடுக்கலாம்னு நாமளே இங்க எத்தனை தடவை எழுதியிருக்கோம். பேரம்கூடப் பேசாம எடுத்துட்டேன்.

நல்லூர்ல சகாயராஜ்னு மெக்கானிக். தூத்துக்குடிக்காரர். நம்ம வயசுதான். அவர்ட்ட சர்வீஸுக்கு விட்டேன். அவரு ஹேண்டில் பாரைத் தடவிப் பாத்துட்டே இருந்தார்.

"அண்ணே, வலது கை ரப்பர் வழுவழுன்னு தேஞ்சு கிடக்கு. இடது கை ரப்பர் புத்தம் புதுசு. பாத்தீங்களா?"

"விக்கிறதுக்காக மாத்தியிருப்பாங்க."

"மாத்துறவன் ரெண்டையும்லாண்ணே மாத்துவான்? கிளச் லீவரும் புதுசு. கேபிளும் புதுசு. வலது பக்கம் பாருங்க... பிரேக் லீவருக்கு மேல இன்னொரு கிளாம்பு இறுக்கின தடம் இருக்கு."

"கண்ணாடி ஏதாச்சும் மாட்டியிருப்பாங்கய்யா. எஞ்சின் எப்படி?"

"எஞ்சினா? அது கல்லுண்ணே. நம்ம ரெண்டு பேரும் போன பிறகும் ஓடும்."

அதோட விட்டுட்டேன். நானும் விட்டேன், அவரும் விட்டார்.

டிக் சத்தம் ஒரு வாரத்துல ஆரம்பிச்சுச்சு. நான் கிளச்ச பிடிக்கறதுக்கு ஒரு இமை முன்னாடி வரும். சின்னச் சத்தம். இரும்புல எதையோ லேசாத் தட்டுற மாதிரி. எல்லா நேரமும் வராது. முதலிபாளையத்துக்கும் நல்லூருக்கும் நடுவுல ரோடு ஒரு பள்ளத்துல இறங்கி ஏறும். ஒரு பக்கம் கம்பெனி காம்பவுண்டு சுவரு, இன்னொரு பக்கம் பழைய கிளுவை வேலி. அந்த இடத்துல கட்டாயம் வரும். அதை நான் அப்ப யோசிக்கல. பள்ளத்துல கியர் மாத்துறோம், அதனால வருதுன்னு நினைச்சேன்.

சகாயராஜ் ரெண்டு தடவை எஞ்சினப் பிரிச்சுப் பாத்தார். ஒண்ணும் இல்ல. "வயசான எஞ்சின்னா நாலு சத்தம் போடத்தான் செய்யும். நம்ம முட்டி சத்தம் போடலையா?"ன்னு சிரிச்சிட்டு மூடிட்டார்.

இப்ப விசயத்துக்கு வர்றேன்.

தீபாவளி முடிஞ்சு மறுநாள். திருப்பூர்ல இருக்கவங்களுக்குத் தெரியும், அந்த ஒரு வாரம் ஊரே சுடுகாடு மாதிரி கிடக்கும். தெக்கத்திக்காரங்க எல்லாம் ஊருக்குப் போயிருவாங்க. வடக்கத்திப் பசங்களும் ரயிலேறிருவாங்க. எங்க லைன் வீட்ல மொத்தம் எட்டு வீடு. எங்க வீட்டத் தவிர எல்லாம் பூட்டு. ராமுத்தாய்க்கு பஸ்ல அவ்வளவு தூரம் உக்கார முடியாதுன்னு நாங்க போகல.

அன்னைக்கு மத்தியானத்துல இருந்து மழை. சாயங்காலம் கரண்டு போச்சு. கொஞ்ச நேரத்துல செல்லுல டவரும் போச்சு. அவ பாயில உக்காந்து மகள் அனுப்பின புது வளையலைத் தடவிட்டு இருந்தா. கண்ணாடி வளையல், கைக்கு அரை டஜன்.

ஏழு மணி இருக்கும். இருமினா. அப்புறம் நிக்கல.

ஆவி மெசினுக்குக் கரண்டு இல்ல. பஃப் எடுத்துக் குடுத்தேன். ஒரு தடவை அடிச்சா. ரெண்டாவது தடவை அழுத்தினா வெறும் காத்துதான் வந்துச்சு. தீந்துபோச்சு. மெடிக்கல் எல்லாம் தீபாவளி லீவு.

"மாமா... முடியல..."

அவ்வளவுதான் பேசினா. தோள்பட்டை ரெண்டும் மேல ஏறி ஏறி இறங்குது. விசிலு மாதிரி சத்தம். உதடு நிறம் மாறுது, டார்ச் வெளிச்சத்துலயே தெரியுது. ஆம்புலன்ஸுக்கு அடிச்சேன், போகல. மறுபடி அடிச்சேன், போகல. மழைல மெயின் ரோடு வரைக்கும் ஓடிப் பாத்தேன். ஒரு ஆட்டோ இல்ல. ஒரு மனுசன் இல்ல. எல்லா கம்பெனி கேட்டும் பூட்டு. கத்துனேன். நான் கத்துறது எனக்கே கேக்கல, அம்புட்டு மழை.

திரும்பி ஓடி வந்தேன். வண்டி மட்டும் நிக்குது.

பின்னாடி உக்கார வச்சா பிடிச்சுக்க அவளுக்குத் தெம்பு இல்ல. வீட்ல கட்பீஸு பனியன் துணி கிடந்துச்சு, ரெண்டு மீட்டர். அவளை எம் முதுகோட சேத்து இடுப்புல சுத்தி இறுக்கிக் கட்டினேன். அவ ரெண்டு கையையும் எடுத்து எம் வயித்துல கோத்து விட்டேன்.

ஒரு கிக்கு. புடிச்சிருச்சு.

அந்த நேரத்துல அந்த எஞ்சினக் கும்பிட்டேன். சாமி, இன்னைக்கு ஒரு நாள் என்னைக் கைவிட்றாதன்னு டேங்கைத் தொட்டு வாய்விட்டுச் சொன்னேன்.

பள்ளத்துக்கு வந்தா, பள்ளம் இல்ல. தண்ணி. கம்பெனி சுவரு ஓரத்துல ஒரு தம்பி ஸ்கூட்டிய நிறுத்திட்டு நனைஞ்சுட்டு நிக்கிறான்.

"ஏனுங், போகாதீங்! என் வண்டியே பாதியில ஆப் ஆயிருச்சுங்! இழுத்துட்டு வந்தனுங்!"

"ஆஸ்பத்திரி தம்பி! மூச்சு இல்ல அவளுக்கு!"

"சைலன்சருக்குள்ள தண்ணி பூந்துருமுங்!"

"பழைய எஞ்சின்டா. போகும்!"

வேற என்ன சொல்ல. சுத்துவழில போனா இன்னும் அரை மணி நேரம் ஆகும். அவகிட்ட அரை மணி நேரம் இல்ல. முதுகுல அவ மூச்சு படுறத வச்சுத்தான் கணக்குப் பண்ணிட்டு இருந்தேன். இடைவெளி கூடிட்டே வந்துச்சு.

ஓட்டுறவங்களுக்குத் தெரியும். தண்ணிக்குள்ள போறப்ப முதல் கியர். ஆக்சிலேட்டர விடக்கூடாது. கிளச்ச பாதி பிடிச்ச மேனிக்கே முறுக்கிட்டுப் போகணும். அரை கிளச். புகை வெளிய தள்ளிட்டே இருக்கணும். ஒரு செகண்டு குறைஞ்சா சைலன்சர் தண்ணிய உறிஞ்சிரும். அப்புறம் எந்த எஞ்சினா இருந்தாலும் அவ்வளவுதான்.

இறங்கிட்டேன். தண்ணி பாதத்துக்கு வந்துச்சு. முழங்காலுக்குக் கீழ வந்துச்சு. இடது கை அரை கிளச். வலது கை முழு முறுக்கு. எஞ்சின் கத்துது. போகுது.

நடுப் பள்ளம்.

அப்பதான் துணி இளகிச்சு.

பனியன் துணி நனைஞ்சா இழுபட்டு நீளும். எனக்குத் தெரியாதா? இருபது வருசமா அதைத்தானே வெட்டுறேன். நனைஞ்ச துணிய வெட்டுறதுக்கு மேசைல விரிச்சு லே போடாதீங்கடான்னு தினம் பத்துப் பேரைத் திட்டுறவன். அவசரத்துல அதையே எடுத்துக் கட்டியிருக்கேன். வேட்டி இருந்துச்சு. சேலை இருந்துச்சு. கைக்கு வந்தது பனியன் துணி.

ராமுத்தாய் இடது பக்கமா சரியிறா. எம் வயித்துல கோத்த விரலு பிரியுது.

கிளச்ச விட்டேன்.

யோசிக்கல. இடது கையால அவ ரெண்டு மணிக்கட்டையும் சேத்து எம் வயித்தோட அமுக்கிப் பிடிச்சேன். வளையல் நொறுங்குறது கையில குத்துச்சு. விடல. விட்டா அவ தண்ணிக்குள்ள.

கிளச்ச விட்டதும் வண்டி ஒரு குலுக்கு குலுக்கிச்சு. எஞ்சின் இறங்குது.

டப்... டப்... டப்...

ஹெட்லைட்டு மங்குது. பழைய வண்டில எஞ்சின் சுத்துனாத்தான் லைட்டு. மஞ்சளாச்சு. சிவப்பாச்சு.

போச்சு. எல்லாம் போச்சு.

டிக்.

எஞ்சின் கத்துச்சு.

லைட்டு பளிச்சுன்னு வந்துச்சு. வண்டி நகருது. அரை கிளச்சுல போற அதே சத்தம். அதே அளவு.

எனக்கு விளங்கல. என் இடது கை எம் வயித்துல இருக்கு. அவ மணிக்கட்டு அதுக்குள்ள இருக்கு.

குனிஞ்சு பாத்தேன்.

கிளச் லீவர் உள்ள அமுங்கியிருக்கு.

பாதி.

யாரும் பிடிக்கல. ஆனா அமுங்கியிருக்கு. லேசா உள்ள போகுது, லேசா வெளிய வருது. தண்ணிக்குத் தக்க அளந்து பிடிக்கிற மாதிரி...

மீட்டர் லைட்டு வெளிச்சத்துல மழை தெரிஞ்சுச்சு. வலது பக்கம் ஹேண்டில்ல மழை நேரா விழுந்து வழியுது.

இடது பக்கம் அப்படி வழியல.

நாலு இடத்துல பிரிஞ்சு வழிஞ்சுச்சு.

விரல் மேல வழியிற மாதிரி.

தண்ணி குறைஞ்சுச்சு. மேடு வந்துச்சு. வண்டி ஏறிருச்சு. காலு தன்னால ரெண்டாவது கியருக்குப் போச்சு.

டிக்.

லீவர் முழுசா உள்ள போச்சு. கியர் விழுந்துச்சு. லீவர் மெதுவா வெளிய வந்துச்சு. ஒரு குலுக்கல் இல்ல. நான்கூட அவ்வளவு பதமா விடமாட்டேன்.

மூணாவது.

டிக்.

நிறுத்தலாம்னு தோணுச்சு. இறங்கி ஓடலாம்னு தோணுச்சு. முதுகுல அவ மூச்சு... இல்ல.

இல்லன்னு நினைச்சேன். அப்புறம் ஒண்ணு வந்துச்சு. சின்னதா.

"போ"ன்னு சொன்னேன்.

யாருகிட்ட சொன்னேன்னு எனக்குத் தெரியல. "போ... போ... எங்கயும் நிறுத்தாத"ன்னு அழுதுட்டே சொன்னேன்.

டிக்.

நாலு.

நல்லூர் தாண்டுனது தெரியல. ஆளில்லாத சிக்னல்ல சிவப்பு எரிஞ்சுட்டு இருந்துச்சு. மண்ணு வாசனை மட்டும் தெரிஞ்சுச்சு. மழை மண்ணு வாசனை இல்லைங்க. தோண்டுன குழிக்குள்ள எட்டிப் பாத்தா ஒரு வாசனை வருமே... அது.

ஆஸ்பத்திரி வாசல். பிரேக்க மிதிச்சேன்.

டிக்.

லீவர் உள்ள போச்சு. அப்படியே நின்னுச்சு. நான் நியூட்ரல் தட்டுற வரைக்கும் அது விடல. வாட்ச்மேன் ஓடியாந்து அவளைத் தூக்குனார். ஸ்ட்ரெச்சர்ல போட்டாங்க. நான் திரும்பிப் பாத்தேன்.

லீவர் வெளிய வந்துச்சு.

மெதுவா.

உள்ள கொண்டுபோயி ஆக்சிஜன் வச்சாங்க. ஊசி போட்டாங்க. டாக்டர் பொண்ணு வெளிய வந்து, "பத்து நிமிசம் தாமதிச்சிருந்தா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுங்க"ன்னுச்சு. நான் அப்படியே தரைல உக்காந்துட்டேன். கையெல்லாம் வளையல் சில்லு. ரத்தம்.

விடியக்காலம் வண்டிய ஓரமா எடுத்து வைக்கப் போனேன். ராத்திரி பூராம் மழைல நின்ன வண்டி. சீட்டு, டேங்கு எல்லாம் கழுவி விட்ட மாதிரி இருக்கு.

இடது கை ரப்பர்ல மட்டும் மண்ணு அப்பியிருந்துச்சு.

காஞ்ச மண்ணு. தொட்டா உதிருது.

ஒரு வாரம் கழிச்சு ராமுத்தாயை வீட்டுக்குக் கூட்டியாந்தேன், ஆட்டோல. அவளுக்கு அன்னைக்கு ராத்திரி ஒண்ணும் ஞாபகம் இல்ல. நானும் சொல்லல. ஆஸ்பத்திரில நின்ன வண்டிய சகாயராஜ்ட்ட தள்ளிட்டுப் போனேன். ஓட்டல, தள்ளிட்டுத்தான் போனேன். நடந்ததச் சொன்னா சிரிப்பார்னு பாத்தேன். சிரிக்கல. கிளச் லீவரைக் கழட்டி வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தார்.

"அண்ணே, நீங்க மோதிரம் போடுவீங்களா?"

"இல்லையே. கட்டிங் மெசின்ல நிக்கிறவன் எங்கய்யா மோதிரம் போட?"

"இங்க பாருங்க."

சித்திரைல புத்தம் புதுசா இருந்த லீவருக்கு முன்பக்கம், நடுவிரல் படுற இடம். பள்ளமாத் தட்டித் தட்டி ஒரு தேய்மானம். அதுல துரு.

"லீவர் அலுமினியம்ணே. இது துரு பிடிக்காது. இது வேற இரும்புல இருந்து ஒட்டுன துரு."

லீவரைக் கீழ வச்சார். அப்புறம் அவரு சிலுவை போட்டுக்கிட்டார்.

மறுநாள் பூவாத்தா அம்மா வீட்டுக்குப் போனேன், பஸ்ல. மோர் குடுத்தாங்க.

"வண்டி நல்லா ஓடுதுங்களா கண்ணு?"

"ஓடுதும்மா. ஒண்ணு கேக்கணும். உங்க வீட்டுக்காரருக்கு மோதிரம் போடுற பழக்கம் உண்டாம்மா? இரும்பு மோதிரம்?"

"லாட மோதிரமுங்க. ஏழரைச் சனின்னு நாந்தான் செஞ்சு போட்டு உட்டேன்." சொல்லிட்டு நிறுத்திட்டாங்க. "அது உங்குளுக்கு எப்படிங்க தெரியும்?"

"எந்தக் கையிலம்மா?"

"எடது கையிலீங்க."

நான் லீவரைப் பத்திச் சொன்னேன்.

"அவுங்களுக்கு எடது கையே இல்லீங்களே, சாமி."

"என்னம்மா சொல்றீங்க?"

"வண்டி எடுத்த மறு வருசமே பனியன் துணி அமுக்குற காம்பாக்டிங் ரோலர்ல போயிருச்சுங்க. மணிக்கட்டோட. அதுக்கப்பறம் கிளச்சையும் வலது பக்கமே வச்சுக் குடுத்தாங்க. சாவுற வரைக்கும் ஒத்தக் கையிலதான் ஓட்டுனாங்க. விக்கறதுக்கு முன்னால எங்கண்ணன் பையந்தானுங்க புதுசு வாங்கி எடது பக்கம் மாட்டி உட்டான். நாந்தான் அன்னைக்கே சொன்னனுங்களே... ஒரே கை ஓட்டுனதுன்னு."

மோர் டம்ளரைக் கீழ வச்சிட்டேன்.

"அந்த... கை?"

"ஆசுபத்திரில மஞ்சப் பையில போட்டுக் குடுத்தாங்க. மோதிரம் கழட்ட வரலீங்க, வீங்கிப்போச்சு. அறுத்து எடுக்கட்டுமான்னாங்க. ஏழரை முடியாம கழட்டக் கூடாதுன்னு ஜோசியர் சொல்லியிருந்தாரு, நாந்தான் வேண்டாம்னுட்டேன். அப்படியே பொதச்சோமுங்க. அவுங்களைச் சுடுகாட்டுல எரிச்சோம். கை மட்டும் மண்ணுலதான் கெடக்குது."

"எங்கம்மா பொதச்சீங்க?"

"எங்க பழைய காட்டுலதானுங்க. இப்ப வித்தாச்சு. முதலிபாளையம் போற ரோட்டுல ஒரு பள்ளம் வருமுங்களே... அங்க கிளுவை வேலியோரம்."

நான் எந்திரிச்சு வந்துட்டேன். சொல்லிக்கக்கூட இல்ல.

அன்னைக்கே சகாயராஜ்ட்ட சொல்லி அந்த லீவரை வண்டில மாட்டாம வச்சிட்டேன். கேபிளையும் உருவியாச்சு. இடது பக்கம் மொட்டை. வண்டிய வாசல்ல தார்ப்பாய் போட்டு மூடிட்டேன். அந்தக் கை அத்தனை வருசம் பிடிக்க ஒண்ணும் இல்லாம சும்மாதானே கிடந்துச்சு, இனியும் கிடக்கட்டும்னு நினைச்சேன்.

தப்பு பண்ணிட்டேன்.

மறுநாள் விடியிறதுக்கு முன்னாடி முழிப்பு வந்துச்சு. மழை இல்ல. காத்தாடி ஓடல. பக்கத்துல ராமுத்தாய் தூங்குறா. மூச்சு சீரா வருது. உடையாம மிஞ்சின ஒத்த வளையல் அவ கையில. கை பாய்க்கு வெளிய நீண்டு கிடக்கு.

டிக்.

வண்டி வெளிய நிக்குது. சத்தம் வெளிய இருந்து வரல.

டிக்...

வளையல் தன்னால ஒரு தடவை அசைஞ்சுச்சு. அவ மணிக்கட்டுல... நாலு இடத்துல தோலு உள்ள அமுங்குச்சு.

மெதுவா. பதமா.

"மாமா..." தூக்கத்துலயே சொன்னா. "ஏன் உங்க கை இம்புட்டு சில்லுன்னு இருக்கு..."

இருட்டோட இருட்டா ஓடிப்போயி சகாயராஜ் வீட்டுக் கதவைத் தட்டுனேன். டூல்ஸ் பையையும் அந்த லீவரையும் எடுத்துட்டு வந்தார். விடியறதுக்குள்ள இடது பக்கம் பழையபடி மாட்டியாச்சு.

அதுக்கப்பறம் வீட்டுக்குள்ள சத்தம் வரல. வாசல்ல மட்டும்தான் வரும். தார்ப்பாய்க்குள்ள இருந்து. நாங்க பழகிக்கிட்டோம்னு சொல்ல மாட்டேன்.

இந்த குரூப்ல நாலஞ்சு பேரு இன்பாக்ஸ்ல கேட்டுட்டே இருக்கீங்க. அந்த வண்டி எஞ்சின் நல்லா இருக்காமே, விக்கிறீங்களாண்ணே, எத்தனையாவது கைன்னு.

எஞ்சின் கல்லு மாதிரி இருக்குங்க. ஒரு கிக்கு போதும்.

கைக் கணக்குதான் எனக்குச் சொல்லத் தெரியல. விக்கவும் முடியாது. என்னைக்கு அந்த லீவர் இந்த வாசலை விட்டுப் போகுதோ, அன்னைக்கு அது எதைப் பிடிக்கும்னு எனக்குத் தெரியும்.